1951ல டெல்லில ஓடின நம்ம டீம் பேரை மார்ச் 4 அன்னைக்காவது பேப்பர்ல போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் 31 வருஷம் கவர்ன்மென்ட் ஸ்கூல்ல பி.டி. வாத்தியாரா இருந்து ரிட்டையர் ஆனவன். உங்க பேப்பரை அதுக்கும் முன்னாடியிருந்தே வாசிக்கிறேன், காலைல பேப்பர் வந்ததும் ஸ்போர்ட்ஸ் பக்கத்தைத்தான் முதல்ல பிரிப்பேன், அப்புறம்தான் மத்த நியூஸ் எல்லாம். போன மாசம் நீங்க இந்த செப்டம்பர்ல ஜப்பான் நகோயாவுல நடக்கப் போற ஆசிய கேம்ஸ் பத்தி முழுப் பக்கம் போட்டிருந்தீங்க, நல்லா இருந்துச்சு, ஆனா அதுல இந்தியாவோட பழைய கதைன்னு ஆரம்பிச்சது 1958 டோக்கியோ மில்கா சிங்லருந்து, அங்கருந்து நேரா 1982 டெல்லி, பி.டி. உஷா, அப்படியே 2023 சீனா ஹாங்சோ வரைக்கும் வந்துட்டீங்க. 1951 பத்தி ஒரே ஒரு வரி, "முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி டெல்லியில் நடந்தது" அவ்வளவுதான். யார் ஓடினாங்க யார் ஜெயிச்சாங்க ஒண்ணுமே இல்ல. அதைப் படிச்சதுலருந்து மனசு கேக்கல, அதான் எழுதறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும், வெட்டாம போடுங்கன்னு கேட்டுக்கறேன்.

முதல்ல நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லிடறேன். நான் இப்பவும் சாயங்காலம் கிரவுண்டுக்குப் போய் பக்கத்துத் தெருப் பிள்ளைங்க கொஞ்ச பேருக்கு ஓட்டம் சொல்லிக் கொடுக்கறேன். அதுல ஒம்பதாம் கிளாஸ் படிக்கற பிள்ளை ஒண்ணு, 200 மீட்டர் ஓடும், நல்ல கால். அந்தப் பிள்ளை ஒரு ஸ்கூல்ல நடந்த க்விஸ்ல கலந்துக்கிச்சு. "ஆசிய விளையாட்டுப் போட்டில இந்தியாவுக்கு முதல் தங்கம் வாங்கிக் கொடுத்தவர் யார்"னு கேள்வி. இது டக்குனு எந்திரிச்சு "சச்சின் நாக், நீச்சல்"னு சொல்லிருக்கு, நான்தான் எப்பவோ வார்ம் அப் பண்ணும்போது பேச்சுவாக்குல சொல்லிருந்தேன். கேள்வி கேட்டவங்க கையில இருந்த பேப்பர்ல மில்கா சிங்னு இருந்திருக்கு. தப்புன்னு சொல்லிட்டாங்க. "சச்சின்னா கிரிக்கெட்டும்மா"னு யாரோ சொல்லி ஹால்ல எல்லாரும் சிரிச்சிருக்காங்க. அந்த ஒரு மார்க்குல பரிசு போச்சு. மறுநாள் கிரவுண்டுக்கு வந்து "சார் நீங்க சொன்னது தப்பா சார்"னு கேட்டுச்சு பாருங்க, எனக்கு தொண்டை அடைச்சிருச்சு. இல்லம்மா நீ சொன்னதுதான் ரைட்டுன்னு சொன்னேன், ஆனா எடுத்துக் காட்ட தமிழ்ல ஒரு பேப்பர் கட்டிங் கூட எங்கிட்ட இல்ல.

அந்தப் பிள்ளை கையில கொடுக்க ஒரு கட்டிங் வேணும்னுதான் இந்த லெட்டர்.

1951 மார்ச் 4ல இருந்து 11 வரைக்கும் டெல்லி நேஷனல் ஸ்டேடியத்துல நடந்துச்சு முதல் ஆசிய கேம்ஸ். 11 நாடு, 489 பேர், ஆறே ஆறு வகை விளையாட்டு, மொத்தம் 57 தங்கம். அதுல ஜப்பான் 24 எடுத்தது. ரெண்டாவது இந்தியா, 15 தங்கம், 16 வெள்ளி, 20 வெண்கலம், ஆக 51. மெடல் பட்டியல்ல ரெண்டாவது இடம், இது வரைக்கும் இந்தியா அதைத் தாண்டினதும் இல்ல, மறுபடி தொட்டதும் இல்ல. அந்த 15 தங்கங்கற கணக்கைத் திரும்ப எட்ட 2018 ஜகார்த்தா வரைக்கும் ஆச்சு, அறுபத்தேழு வருஷம்! அங்கயும் போட்டி முடிஞ்ச அன்னைக்கு 15தான், பின்னால பஹ்ரைன் டீம்ல ஒருத்தர் ஊக்கமருந்துல மாட்டினதால கலப்பு ரிலேல நமக்கு வந்த வெள்ளி தங்கமா மாறி 16 ஆச்சு. ஹாங்சோவுல 28 தங்கம் 107 மெடல்னு நாம எல்லாரும் கொண்டாடினோமே, கொண்டாட வேண்டியதுதான், அதுக்கு முன்னாடி இத்தனை வருஷம் நாம எட்டிப் பிடிக்க முடியாம நின்ன உயரம் எதுன்னா அது 1951ல வெறும் சாம்பல் டிராக்குல ஓடினவங்க வெச்சுட்டுப் போன உயரம்.

அன்னைக்கு நாடு எப்படி இருந்துச்சுன்னு யோசிச்சுப் பாருங்க. சுதந்திரம் வந்து மூணரை வருஷம், குடியரசாகி ஒரு வருஷம் ஒண்ணே கால் மாசம். பிரிவினைல வீடு வாசல் விட்டுட்டு வந்தவங்க டெல்லி முழுக்க. சாப்பாட்டுக்கு ரேஷன், வெளிநாட்டுக் கோதுமைக்கு கை நீட்டி நின்ன வருஷம் அது. இந்த நிலைமைல ஆசியா முழுசையும் கூப்பிட்டு விளையாட்டு நடத்தணும்னு பிடிவாதமா நின்னவர் குரு தத் சோந்தின்னு ஒருத்தர், லாகூர் கவர்ன்மென்ட் காலேஜ்ல பிரின்சிபாலா இருந்தவர். 1934லயே டெல்லிலயும் பட்டியாலாலயும் இந்தியா, ஆப்கானிஸ்தான், சிலோன், பாலஸ்தீனம்னு நாலு நாட்டை சேர்த்து ஒரு போட்டி நடத்திப் பார்த்த அனுபவம் அவருக்கு இருந்துச்சு. 1948ல லண்டன் ஒலிம்பிக் நடக்கும்போது அங்க வந்திருந்த ஆசிய நாட்டுக்காரங்களை ஹோட்டல்ல உக்கார வெச்சுப் பேசினார், 1949 பிப்ரவரில டெல்லி பட்டியாலா ஹவுஸ்ல கூடி ஃபெடரேஷன் ஆரம்பிச்சாங்க, 1950லயே நடத்தறதா பிளான். பணமும் இல்ல ஏற்பாடும் முடியல, தள்ளித் தள்ளி 1951 மார்ச்சுக்கு வந்துச்சு. கடைசில அப்ப கிரிக்கெட் போர்டு தலைவரா இருந்த ஆண்டனி டி மெல்லோ பொறுப்பெடுத்து, வெள்ளைக்காரன் காலத்துல இர்வின் ஆம்பிதியேட்டர்னு இருந்ததை நேஷனல் ஸ்டேடியமா மாத்தி ஓட வைக்கற அளவுக்குக் கொண்டு வந்தார். ஒரு ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் டேக்கு சுண்ணாம்பு, கயிறு, ஸ்டாப் வாட்ச் சேர்க்கவே நான் என்ன பாடு பட்டிருக்கேன்னு எனக்குத் தெரியும், அதனால அந்த மனுஷங்க பட்ட பாட்டை நினைச்சாலே கை கும்பிடத் தோணுது.

மார்ச் 4ஆம் தேதி ராஜேந்திர பிரசாத் தொடங்கி வெச்சார், பிரதமர் நேருவும் இருந்தார். செங்கோட்டைல சூரிய வெளிச்சத்துல லென்ஸ் வெச்சு ஜோதி ஏத்தி அங்கருந்து ஸ்டேடியத்துக்கு எடுத்துட்டு வந்தாங்க, கடைசியா அந்த ஜோதியைக் கையில வாங்கி ஓடினவர் பிரிகேடியர் தலீப் சிங், 1924 பாரிஸ் ஒலிம்பிக்ல நீளம் தாண்டினவர்.

இப்ப டீமுக்கு வர்றேன். இங்கதான் கொஞ்சம் நிதானமா சொல்லணும்னு ஆசை.

சச்சின் நாக். பனாரஸ்ல பொறந்த வங்காளி, 1920ல. அவரைப் பத்தி சொல்ற கதை ஒண்ணு உண்டு, பத்து வயசுல கங்கைக் கரைல சுதந்திரப் போராட்டக் கூட்டத்தைப் பாத்துட்டு நின்னப்ப போலீஸ் லத்தியால அடிக்க ஆரம்பிச்சிருக்கு, பையன் தப்பிக்கறதுக்காக ஆத்துல குதிச்சிருக்கான், அங்க அப்ப ஒரு நீச்சல் ரேஸ் நடந்துட்டிருக்கு, அவங்க கூடவே நீந்தி மூணாவதா வந்துட்டான்னு. பின்னால கல்கத்தாவுக்கு வந்து பெரிய நீச்சல்காரர் ஆனார். 1947 கலவரத்துல கால்ல குண்டு பாஞ்சுது. நீச்சல்காரனுக்கு கால் போனா என்ன மிச்சம் சொல்லுங்க. ஆனா மனுஷன் அடுத்த வருஷமே லண்டன் ஒலிம்பிக்ல தண்ணில இறங்கினார். அப்புறம் 1951ல டெல்லில 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல், 1 நிமிஷம் 4.7 செகண்ட், தங்கம். இந்தியாவோட முதல் ஆசிய கேம்ஸ் தங்கம்னு சொல்றது இதைத்தான். இன்னொண்ணு கவனிங்க, இந்த 75 வருஷத்துல ஆசிய கேம்ஸ் நீச்சல்ல இந்தியா வாங்கின ஒரே தங்கமும் இதுதான். கஜான் சிங் 1986ல வெள்ளி வாங்கினார், வெண்கலம் அங்கங்க வந்திருக்கு, தங்கம் அந்த ஒண்ணுதான். வாட்டர் போலோல தங்கம் வாங்கின நம்ம டீம்லயும் அவர் இருந்தார், ரெண்டு ரிலேல வெண்கலமும் வாங்கினார். பின்னால 1959ல இங்கிலீஷ் சேனலை நீந்திக் கடந்தாங்களே ஆரத்தி சாஹா, ஆசியாவுலயே முதல் பெண், அவங்களைச் சின்னப் பிள்ளையா இருக்கும்போதே கண்டுபிடிச்சு நீந்தக் கத்துக் கொடுத்ததும் இவர்தான்.

அவர் 1987ல காலமானார். ஹாக்கி வீரர் தியான் சந்த் பேர்ல இருந்த வாழ்நாள் சாதனை விருதை அவருக்குக் கொடுத்தது 2020ல. செத்து 33 வருஷம் கழிச்சு! உயிரோட இருக்கும்போது அந்த விருதைக் கையில வாங்கி வீட்டு அலமாரில வெச்சுப் பாத்திருக்க வேண்டாமா? எனக்கு இதைச் சொல்லும்போதே வலிக்குது.

அடுத்து லேவி பின்டோ, பம்பாய்க்காரர். 100 மீட்டர் 10.8, 200 மீட்டர் 22.0, ரெண்டுமே தங்கம். நான் பிள்ளைங்களுக்கு டிராக்குல நிக்க வெச்சு சொல்லுவேன், இன்னைக்கு இருக்கற சிந்தெடிக் டிராக் இல்ல, ஸ்டார்ட் எடுக்க இப்ப இருக்கற மாதிரி பிளாக் இல்ல, எலக்ட்ரானிக் டைமிங் இல்ல, கையால அமுக்கற வாட்ச், சாம்பலும் மண்ணும் போட்ட டிராக், அதுல 10.8. ஆசிய கேம்ஸ்ல ஆண்கள் 100 மீட்டர் தங்கம் வாங்கின இந்தியர் இன்னைக்கு வரைக்கும் அவர் ஒருத்தர்தான். மில்கா சிங் 1958ல 200உம் 400உம் எடுத்தார், 100 எடுக்கல. பின்டோ அடுத்த வருஷம் ஹெல்சின்கி ஒலிம்பிக்ல 100, 200 ரெண்டுலயும் செமி ஃபைனல் வரைக்கும் போனார். அப்புறம் அமெரிக்கா போயிட்டார், 2020ல காலமானார். எத்தனை தமிழ்ப் பேப்பர்ல செய்தி வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது, நான் வாங்கற பேப்பர்ல நான் பாக்கல.

அத்லெடிக்ஸ்ல மட்டும் பத்து தங்கம் நமக்கு. பின்டோவோட ரெண்டு போக மிச்சத்தையும் பேர் பேரா சொல்லிடறேன், ஏன்னா பேரே சொல்லாம விட்டதாலதானே இந்த நிலைமை. 800 மீட்டர் ரஞ்சித் சிங், 1500 மீட்டர் நிக்கா சிங், மாரத்தான் சோட்டா சிங், 10 கிலோமீட்டர் நடை மஹாவீர் பிரசாத், 50 கிலோமீட்டர் நடை பக்தாவர் சிங், குண்டு எறிதல் மதன் லால், வட்டு எறிதல் மாக்கன் சிங், 4x400 ரிலேல நம்ம பசங்க நாலு பேரு. மதன் லால்னதும் 1983 வேர்ல்டு கப் கிரிக்கெட் மதன் லால்னு நினைச்சுக்காதீங்க, அவர் வேற. மாக்கன் சிங்னதும் பின்னால மில்கா சிங்கையே தோக்கடிச்ச மாக்கன் சிங்னு நினைப்பாங்க, அவரும் வேற. பேர் ஒண்ணா இருக்கறதாலயே காணாம போனவங்க இவங்க, சச்சினுக்கும் அதே கதிதான்.

சோட்டா சிங்கைப் பத்தி நான் அடிக்கடி நினைப்பேன். மாரத்தான், 2 மணி 42 நிமிஷம் சொச்சம். மார்ச் மாச டெல்லி, காலைல குளிர் இருக்கும், மதியம் வெயில் ஏறிடும், தார் ரோட்டுல 42 கிலோமீட்டர். அதே ஓட்டத்துல வெண்கலம் வாங்கினவர் டெல்லிக்காரர் சூரத் சிங் மாத்தூர், அவர் அடுத்த வருஷம் ஹெல்சின்கில ஒலிம்பிக் மாரத்தானை ஓடி முடிச்சார், சுதந்திர இந்தியாவுலருந்து ஒலிம்பிக் மாரத்தானை முடிச்ச முதல் ஆள். 50 கிலோமீட்டர் நடையெல்லாம் நடந்து பாத்தவனுக்குத்தான் தெரியும். குதிகாலும் முன்பாதமும் ஒழுங்கா படணும், முட்டி மடங்கக் கூடாது, ஜட்ஜ் பக்கத்துலயே நின்னு பாத்துட்டிருப்பார், மணிக்கணக்கா அப்படியே போகணும். என் சர்வீஸ்ல 3 கிலோமீட்டர் நடைக்கு பேர் கொடுங்கடான்னு கேட்டா ஒருத்தனும் கை தூக்க மாட்டான்.

பெண்கள் கதைதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. பெண்களுக்கு அப்ப அத்லெடிக்ஸ் மட்டும்தான், நீச்சல் கூட கிடையாது. ஒம்பது ஈவென்ட், ஒம்பதும் ஜப்பான் பெண்களே எடுத்துட்டாங்க, டொயோகோ யோஷினோன்னு ஒருத்தங்க குண்டு, வட்டு, ஈட்டி மூணுலயும் தங்கம்னா பாத்துக்கோங்க. அந்த டீம் கூட போட்டி போட்டு பம்பாய் பார்சிப் பொண்ணு ரோஷன் மிஸ்திரி 100 மீட்டர்ல வெள்ளி வாங்கினாங்க, ஆசிய கேம்ஸ்ல மெடல் வாங்கின முதல் இந்தியப் பெண்ணுன்னு அவங்களைத்தான் சொல்றாங்க. மேரி டிசோசா 200 மீட்டர்ல வெண்கலம். ரெண்டு பேரும் சேர்ந்து ஓடின 4x100 ரிலே வெள்ளி. பார்பரா வெப்ஸ்டர் ஈட்டில வெண்கலம். 1951ல பொண்ணுங்க ஷார்ட்ஸ் போட்டு ஆயிரக்கணக்கான பேர் முன்னாடி ஓடறதுங்கறது என்னன்னு இன்னைக்கு இருக்கறவங்களுக்குப் புரியாது, என் சர்வீஸ் ஆரம்பிச்ச காலத்துலயே வயசுக்கு வந்த பிள்ளையை கிரவுண்டுக்கு அனுப்ப மாட்டோம்னு வீட்டு வாசல்ல நிறுத்தி என்னைத் திட்டி அனுப்பின அப்பா அம்மாங்க இருக்காங்க. அதுக்கும் ரொம்ப முன்னாடி இவங்க ஓடினாங்க. மேரி டிசோசாவும் இன்னும் மூணு பேரும் அடுத்த வருஷம் ஹெல்சின்கி போனாங்க, சுதந்திர இந்தியாலருந்து ஒலிம்பிக் போன முதல் பெண்கள். ஆரத்தி சாஹாவும் அதுல ஒருத்தர், அப்ப 11 வயசு.

டைவிங்ல கே.பி. தக்கர், 3 மீட்டர் பலகை, 10 மீட்டர் மேடை, ரெண்டு தங்கம். இவரைப் பத்தியும் யாரும் பேசறதில்ல.

ஃபுட்பால். இதை உங்க பேப்பர்ல எப்பவாவது எழுதியிருக்கீங்க, ஒத்துக்கறேன். கோச் சையத் அப்துல் ரஹீம், கேப்டன் சைலன் மன்னா. இந்தோனேசியாவை 3-0, ஆப்கானிஸ்தானை 3-0, ஃபைனல்ல ஈரானை 1-0, கோல் மேவாலால். மூணு மேட்ச்ல ஒரு கோல் கூட வாங்கல. மறு வருஷம் இதே செட்டுல பல பேர் ஹெல்சின்கி ஒலிம்பிக் போய் யூகோஸ்லாவியாகிட்ட 10-1னு தோத்தாங்க, குளிர்ல வெறுங்காலோட நிறைய பேர் ஆடினாங்க, அதுக்கப்புறம்தான் பூட்ஸ் கட்டாயம்னு வந்துச்சு. ஜனங்களுக்கு அந்த 10-1 ஞாபகம் இருக்கு, அதுக்கு பதினாறு மாசம் முன்னாடி டெல்லில வாங்கின தங்கம் ஞாபகம் இல்ல. ஈரான் அன்னைக்கே சாதாரண நாடு இல்ல, வெயிட்லிஃப்டிங்ல இருந்த ஏழு தங்கத்தையும் அவங்களே வாரிட்டுப் போனாங்க, அந்த மாதிரி உடம்பு வளத்தவங்க நாட்டு ஃபுட்பால் டீமைத்தான் நம்மாளுங்க ஜெயிச்சாங்க.

ஹாக்கியைப் பத்திக் கேப்பீங்க. 1951ல ஹாக்கியே கிடையாது. 1948ல லண்டன்ல இங்கிலாந்தையே 4-0னு அடிச்சு ஒலிம்பிக் தங்கம் வாங்கின டீம் நம்ம கையில இருந்துச்சு, ஹாக்கி மட்டும் வெச்சிருந்தா பதினாறு ஆகியிருக்கும்னு எல்லாரும் சொல்லுவாங்க, ஆசிய கேம்ஸ்ல ஹாக்கி வந்தது 1958லதான். அதாவது வீட்டுக்காரனா இருந்தும் நம்ம கையில இருந்த பெரிய சீட்டை வெச்சு விளையாடல, மத்ததுல ஓடி ஜெயிச்சாங்க.

இப்ப சில பேர் சொல்றதுக்கு வர்றேன். இதையெல்லாம் ஒரு நண்பர்கிட்ட சொன்னப்ப, அவரும் ஒரு காலத்துல டிஸ்ட்ரிக்ட் லெவல்ல ஓடினவர்தான், "சார் பதினோரு நாடுதானே, சொந்த ஊரு வேற, அதுல ஜெயிக்கறது என்ன பெரிசு"ன்னார். அது சரியான கேள்விதான், ஓரளவுக்கு உண்மையும் கூட. வாட்டர் போலோல ரெண்டே டீம், நாமளும் சிங்கப்பூரும். பாகிஸ்தான் வரல, சீனா வரல. அந்தக் காலத்துல உலகத்தையே கலக்கின ஜப்பான் நீச்சல்காரங்க பேரு டெல்லில தங்கம் வாங்கின லிஸ்ட்லயே இல்ல, ஆனா நீச்சல்ல சும்மா யாரும் விட்டுக் கொடுக்கல, சிங்கப்பூர் நியோ ச்வீ கோக் 400, 800, 1500, ரிலேன்னு நாலு தங்கம் எடுத்தார், 100ல மட்டும் சச்சின் நாக் முந்தினார். ஓட்டத்துல ஜப்பான் முழு பலத்தோட வந்துச்சு. 1948 லண்டன் ஒலிம்பிக்குக்கு ஜப்பானைக் கூப்பிடல, போர்ல தோத்த நாடுன்னு ஒதுக்கி வெச்சிருந்தாங்க, அப்படி ஒதுக்கின நாட்டை வாங்கன்னு கூப்பிட்டது டெல்லி. வந்த விருந்தாளி நம்ம வீட்டுலயே 24 தங்கம் எடுத்துட்டுப் போச்சு, அதுல தப்பே இல்ல, அவங்களைக் கூப்பிடாம இருந்திருந்தா நாம முதலிடம்னு சொல்லிட்டிருந்திருக்கலாம். கூப்பிட்டதாலதான் அந்த ரெண்டாவது இடத்துக்கு மதிப்பு. அதே ஜப்பான்லதான் இந்த செப்டம்பர்ல நகோயா.

சொந்த ஊருன்னா ஈஸின்னு சொல்றதும் எனக்கு ஒத்துக்க முடியாது. வெளியூர்ல தோத்தா பஸ் ஏறி வந்துடலாம், சொந்த கிரவுண்ட்ல, தெரிஞ்சவன் சொந்தக்காரன் எல்லாம் பாத்துட்டிருக்கும்போது ஓடறது இருக்கே, நம்ம பிள்ளைங்க ஸ்டார்டிங் லைன்ல கால் நடுங்கி நின்னதை நான் எத்தனை தடவை பாத்திருக்கேன். அன்னைக்கு வேற, புதுசா பொறந்த நாடு, இவங்க தோத்தா இதுக்காடா இத்தனை செலவு பண்ணீங்கன்னு கேக்க ஆள் இருந்துச்சு. அந்த பாரத்தைத் தூக்கிட்டு ஓடினாங்க.

2011ல ஒரு தடவை ஸ்கூல் நேஷனல்ஸுக்குப் பிள்ளைங்களைக் கூட்டிட்டு டெல்லி போயிருந்தேன். ஒரு நாள் மதியம் ஃப்ரீயா இருந்துச்சு, பிள்ளைங்க எல்லாம் இந்தியா கேட் பாக்கணும்னாங்க, அங்க ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து உக்கார வெச்சுட்டு நான் மட்டும் அந்தப் பக்கமா நடந்து ஸ்டேடியம் கேட் முன்னாடி போய் நின்னேன். இப்ப அது தியான் சந்த் பேர்ல இருக்கு, உள்ள ஹாக்கி டர்ஃப். 1951ல லேவி பின்டோ ஓடின டிராக் இப்ப அங்க இல்ல. தியான் சந்துக்கு அந்தப் பேர் கொடுத்தது ரொம்ப நியாயம், அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா கேட்டுக்கு வெளிய நின்னுட்டு இங்கதான ரோஷன் மிஸ்திரி ஸ்டார்ட் எடுத்தாங்க, இங்கதான சோட்டா சிங் கடைசி ரவுண்ட் வந்தார்னு நினைச்சப்ப அழுகை வந்துருச்சு, பிள்ளைங்க பாத்துடக் கூடாதுன்னு கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் திரும்பிப் போனேன்.

நானே ஒரு சின்ன வேலை பண்ணினேன். கடைசி ஏழு வருஷம் எங்க ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் டேல சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள்னு இருந்த நாலு ஹவுஸுக்கும் எச்.எம். கிட்ட பர்மிஷன் கேட்டு பின்டோ, நாக், மேவாலால், ரோஷன்னு பேர் வெச்சேன். முதல் வருஷம் பிள்ளைங்களுக்கு வாயில நுழையல. ரெண்டாம் வருஷத்துலருந்து "ரோஷன் ரோஷன்"னு கத்தின கத்துல பக்கத்து ரைஸ் மில்லுலருந்து ஆள் வந்து எட்டிப் பாத்தாங்க. அந்த ஸ்கூல்ல படிச்ச பிள்ளைங்க எவனை எழுப்பிக் கேட்டாலும் இன்னைக்கும் அந்த நாலு பேர் சொல்லுவான். ஒரு பி.டி. வாத்தியாரால நாலு பேரை நாப்பது மைல் சுத்துவட்டாரத்துல ஞாபகம் வைக்க வைக்க முடியுதுன்னா லட்சக்கணக்குல விக்கற பேப்பரால என்ன முடியாது?

இப்ப இதை எழுதக் காரணம் இன்னொண்ணும் இருக்கு. 2030 காமன்வெல்த் கேம்ஸ் அகமதாபாத்துக்குக் கிடைச்சிருக்கு, 2036 ஒலிம்பிக்கும் வேணும்னு இந்தியா கேட்டுட்டிருக்கு. தினமும் ஸ்டேடியம் படம், எத்தனை கோடி, எத்தனை சீட்டுன்னு செய்தி வருது. வரட்டும், சந்தோஷம்தான். ஆனா போட்டி நடத்தற நாட்டோட டீம்னு ஒண்ணு இருக்கே, அதுக்கு நாலு வருஷம் முன்னாடியே சாப்பாடு, கோச், ஃபிசியோ, வேலைன்னு பாக்கறாங்களா, ஜெயிச்ச பிறகு இருபது வருஷம் கழிச்சு அவங்க எப்படி இருக்காங்கன்னு யாராவது போய்ப் பாப்பாங்களான்னுதான் எனக்குக் கவலை. 1951ல ஸ்டேடியத்தையும் தயார் பண்ணினாங்க, டீமும் ஜெயிச்சுது. ஸ்டேடியம் இன்னைக்கும் நிக்குது. சச்சின் நாக்குக்கு விருது போய்ச் சேர 2020 ஆச்சு. அகமதாபாத்ல ஜெயிக்கப் போற பிள்ளைங்களுக்கு அப்படி ஆகக் கூடாதுன்னா இப்பவே கேள்வி கேக்கணும், அதை உங்க நிருபர்கள் கேக்கணும்.

வர்ற மார்ச் 4ஆம் தேதியோட அந்தப் போட்டி ஆரம்பிச்சு 75 வருஷம் முடியுது. அன்னைக்கு ஸ்போர்ட்ஸ் பக்கத்துல அரைப் பக்கம் கொடுங்க சார், ஐ.பி.எல். செய்தியைக் கொஞ்சம் சுருக்கினா போதும். 15 தங்கம் வாங்கினவங்க பேரு, எந்த ஈவென்ட், கிடைச்சா ஒரு போட்டோ. தமிழ்ல. பேரை ஒழுங்கா எழுத்துக் கூட்டிப் போடுங்க. க்விஸ் கேள்வி தயார் பண்றவங்க உங்க பேப்பரைப் பாத்துத்தான் எழுதறாங்கன்னு எனக்குத் தெரியும். ரோஷன் மிஸ்திரிக்கும் மேரி டிசோசாவுக்கும் கட்டாயம் இடம் கொடுங்க, தங்கம் இல்லன்னு விட்றாதீங்க.

அன்னைக்கு காலைல ரெண்டு பேப்பர் வாங்குவேன். ஒண்ணை வெட்டி லேமினேட் பண்ணி அந்த ஒம்பதாம் கிளாஸ் பிள்ளை கையில கொடுப்பேன்னு சொல்லி வெச்சிருக்கேன், அதுவும் தேதியை ஸ்கூல் டைரில குறிச்சு வெச்சிருக்கு.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
விருதுநகர் மாவட்டம்.